கல்லூரி ஆசிரியரின் கற்பித்தல் பயனை அளப்பது எப்படி: துறைத் தலைவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பருவத்தின் இறுதி வாரத்தில் மாணவர்களைக் கணினி அறைக்கு அழைத்து, அந்தப் பருவத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரே அமர்வில் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இடச் செய்வது நம் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. அந்த மதிப்பெண்கள் சராசரியாக்கப்பட்டு, 4.21 என்றும் 3.87 என்றும் இரண்டு தசம இடங்களுடன் கோப்பில் ஏறுகின்றன. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் நாக் குழு வரும் நாளில் அந்தக் கோப்பு மேசைக்கு வருகிறது. ஆனால் 4.21 பெற்றவரிடம் மாணவர்கள் கூடுதலாகக் கற்றார்களா என்று யாரேனும் கேட்டால், அந்தக் கோப்பில் விடை இருக்காது. அந்த விடையைத் தேடும் துறைத் தலைவருக்கும் கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் பொறுப்பாளருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

சொல்லப்போவது பொத்தாம்பொதுவாக நின்றுவிடாமல் இருக்க, பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்ற ஒரு கல்லூரியின் வணிகவியல் துறையை எடுத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் நிதிக் கணக்கியலை ஏ பிரிவுக்கு ஓர் ஆசிரியரும் பி பிரிவுக்கு இன்னோர் ஆசிரியரும் நடத்துகிறார்கள்; அதே மாணவர்கள் பின்னொரு பருவத்தில் நிறுமக் கணக்கியல், அதாவது கம்பெனிகளின் கணக்கியல், படிக்கிறார்கள். முன்னது உறுதியாக இல்லாவிட்டால் பின்னது நிற்காது என்பதால், நமக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதல் படி: எதற்காக அளக்கிறோம் என்பதை எழுத்தில் வையுங்கள்

ஆசிரியர் தன் வகுப்பை மேம்படுத்திக்கொள்ள உதவுவது ஒரு நோக்கம். பணி உயர்வு, ஒப்பந்த நீட்டிப்பு போன்ற முடிவுகளை எடுப்பது வேறொரு நோக்கம். இரண்டையும் ஒரே படிவத்தில் சேர்த்தால் முதலாவது செத்துவிடும். தொகுப்பூதியத்தில் பணியாற்றும் ஒரு கௌரவ விரிவுரையாளருக்கோ சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கோ அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது மாணவர் தரும் மதிப்பெண்ணைப் பொறுத்தது என்று தெரிந்தால், அவர் கடினமான கணக்குகளைத் தவிர்ப்பார், அகமதிப்பீட்டில் தாராளம் காட்டுவார், தேர்வுக்கு முன் முக்கிய வினாக்களைக் குறித்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அளவீடு அவரை அப்படி நடக்கச் சொல்கிறது. ஆகவே பருவத்தின் நடுவில் திரட்டும் தகவல் ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்றும், முடிவெடுக்கப் பயன்படும் தகவல் எது, அதை யார் பார்ப்பார்கள், அதற்கு ஆசிரியர் மறுமொழி அளிக்க எத்தனை நாள் அவகாசம் என்றும் துறைக் கூட்டத்தில் முடிவு செய்து, பருவம் தொடங்கும் முன்பே அனைவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கற்றல் விளைவுகளைச் செய்து காட்டக்கூடியவையாக எழுதுங்கள்

பாடத்திட்டத்தில் ஏற்கெனவே கற்றல் விளைவுகள் அச்சாகியிருக்கும். அவற்றுள் பல ‘கணக்கியலின் கோட்பாடுகளைப் புரிந்துகொள்வர்’ என்பது போன்றவை. இவற்றை அளக்க முடியாது. ‘இருப்பாய்வு பொருந்தாத ஒரு கணக்கில் பிழை எங்கே என்று கண்டு திருத்தப் பதிவு எழுதுவர்’ என்பதை அளக்கலாம். பாடத்திற்கு நான்கு அல்லது ஐந்து போதும். இரண்டு பிரிவு ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து எழுத வேண்டும் என்பதுதான் இங்கே கண்டிப்பான விதி. இல்லையெனில் பின்னர் வரும் ஒப்பீடுகள் எல்லாம் பொருளற்றவை.

மூன்றாம் படி: தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள்

நம் வகுப்பறைகளில் இதுதான் அதிகம் புறக்கணிக்கப்படும் படி. ஒரே வகுப்பில் பிளஸ் 2 வணிகவியல் பிரிவில் கணக்குப்பதிவியல் படித்தவரும், அறிவியல் பிரிவிலிருந்து வந்து பற்று, வரவு என்ற சொற்களையே முதன்முறையாகக் கேட்பவரும், தமிழ் வழியில் படித்து இப்போது ஆங்கிலப் பாடநூலைப் புரட்டுபவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஏ பிரிவில் முதல் வகையினர் அதிகமாகவும் பி பிரிவில் இரண்டாம் வகையினர் அதிகமாகவும் இருந்தால், பருவ இறுதித் தேர்ச்சி விகிதம் சேர்க்கைப் பட்டியலைப் பிரதிபலிக்குமே தவிர ஆசிரியரின் உழைப்பைக் காட்டாது.

முதல் வாரத்தில் 20 வினாக்கள் கொண்ட, மதிப்பெண் பதிவேட்டில் ஏறாத ஒரு சிறு தேர்வை இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே நாளில் வையுங்கள். வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அதே திறன்களைச் சோதிக்கும், எண்களும் சூழலும் மாற்றப்பட்ட இன்னொரு தாளைப் பருவத்தின் கடைசி வாரத்தில் வையுங்கள். இரண்டு தாள்களும் ஏறத்தாழ ஒரே கடினத்தன்மை கொண்டவையா என்று, அந்தப் பாடத்தை அவ்வாண்டு நடத்தாத ஒருவர் சரிபார்க்க வேண்டும். தாள்கள் அவரிடமே இருப்பது நல்லது.

இரண்டு மதிப்பெண்களையும் கழித்து வரும் வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 விழுக்காட்டில் தொடங்கிய வகுப்புக்கு ஏற 60 இடம் இருக்கிறது. 70-இல் தொடங்கிய வகுப்புக்கு 30 மட்டுமே. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாண்டார்: ஏறிய அளவை, ஏறக்கூடிய மொத்த அளவால் வகுத்தார். 40-லிருந்து 70-க்கு வந்த வகுப்பின் ஆதாயம் 30-ஐ 60-ஆல் வகுக்க 0.5. 70-லிருந்து 85-க்கு வந்த வகுப்புக்கும் 15-ஐ 30-ஆல் வகுக்க அதே 0.5. இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாம் ஆசிரியர் 15 மதிப்பெண் முன்னால் நிற்பார். ஆதாயத்தைப் பார்த்தால் இருவரும் சமம். 62 இயற்பியல் வகுப்புகளில் 6,542 மாணவர்களின் தகவலைத் தொகுத்த ஹேக், வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி ஆதாயம் 0.23 என்றும், மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளின் சராசரி 0.48 என்றும் கண்டார். அந்த எண்கள் இயற்பியலுக்கு உரியவை. கணக்கியலுக்கு அவற்றை இலக்காக வைக்காதீர்கள். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு தேர்வுகளையும் எழுதிய மாணவர்களை மட்டுமே கணக்கில் சேருங்கள். இடையில் நின்றவர்கள் பெரும்பாலும் பின்தங்கியவர்கள் என்பதால், அவர்களின் தொடக்க மதிப்பெண்ணை மட்டும் விட்டுவைத்தால் ஆதாயம் பொய்யாக உயர்ந்து தெரியும். எத்தனை பேர் நின்றார்கள் என்பதைத் தனியே குறித்து வையுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

நான்காம் படி: பல்கலைக்கழகத் தேர்வு முடிவைச் சரியாகப் படியுங்கள்

தேர்ச்சி விகிதம் நம் கல்லூரிகளின் செல்லக் குழந்தை. முதல்வர் அறையில் ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்வது பெரும்பாலும் இந்த ஓர் எண்ணுக்காகத்தான். இளநிலை வகுப்பில் 40 மதிப்பெண் தேர்ச்சி என்றால், 38-இல் இருந்த பத்துப் பேரை 41-க்குக் கொண்டுவந்தால் விகிதம் துள்ளிக் குதிக்கும். 15-இல் இருந்த பத்துப் பேரை 35-க்கு உயர்த்தினால் அசையாது. இரண்டாவது வேலை எவ்வளவு கடினமானது என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆகவே தேர்ச்சி விகிதத்தோடு மதிப்பெண் வரிசையில் சரிபாதியில் நிற்கும் மாணவர் பெற்ற மதிப்பெண்ணையும், கீழ்க் கால்பகுதி மாணவர்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அகமதிப்பீடு 25, புறமதிப்பீடு 75 என்ற பிரிவு இங்கே ஒரு நல்ல கண்ணாடி. ஒரு பிரிவின் சராசரி அகமதிப்பீட்டில் 23 ஆகவும் புறமதிப்பீட்டில் 30 ஆகவும் இருந்தால், ஆசிரியர் 92 விழுக்காடு தருகிறார், வெளியாள் 40 விழுக்காடு தருகிறார் என்று பொருள். இவ்வளவு இடைவெளி, அகமதிப்பீட்டுத் தேர்வுகள் கற்றலைச் சோதிக்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. வினாத்தாளை ஆசிரியரே தயாரித்து அவரே திருத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. அங்கே வினாத்தாளின் தரத்தை வெளியாள் ஒருவர் பார்ப்பது கட்டாயமாகிறது.

சிறு வேறுபாடுகளைப் பெரிதாக்காதீர்கள். 60 பேர் கொண்ட வகுப்பில் மதிப்பெண்களின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து அவை எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 20 எனில், இரு பிரிவுச் சராசரிகளுக்கிடையே 7 மதிப்பெண் வரையிலான வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடும். 61-க்கும் 64-க்கும் இடையே ஆசிரியரின் திறமையைத் தேடுவது வீண் வேலை.

ஐந்தாம் படி: மாணவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் கேளுங்கள்

மாணவர் கருத்துப் படிவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வகுப்புக்கு ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, கரும்பலகை எழுத்து புரிகிறதா, ஐயம் கேட்டால் விடை கிடைக்கிறதா அல்லது ஏளனம் கிடைக்கிறதா, திருத்திய விடைத்தாள் எத்தனை நாளில் திரும்பியது, அதில் பிழைக்கு அருகே ஏதேனும் எழுதப்பட்டிருந்ததா என்பவற்றுக்கு மாணவரைவிட நம்பகமான சாட்சி இல்லை. ஆனால் ‘ஆசிரியருக்குப் பாடத்தில் ஆழ்ந்த புலமை உள்ளதா’ என்று முதலாண்டு மாணவரிடம் கேட்பது, அவரிடம் இல்லாத தகவலைக் கேட்பதாகும்.

இதற்கு வெளியே படிவம் எவ்வளவு தடுமாறும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், டாக்டர் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஒரு நடிகரை அறிஞராக அறிமுகப்படுத்தி, உள்ளீடற்ற விரிவுரை ஒன்றைச் சுவையாகப் பேசச் செய்தபோது, கேட்டிருந்த கல்வியாளர்களும் மனநல வல்லுநர்களும் நல்ல மதிப்பீடே வழங்கினார்கள். 2015-இல் மெக்நெல் குழுவினர் நடத்திய இணையவழிப் பாட ஆய்வில், ஆசிரியர் ஆண் என்று எண்ணிய மாணவர்கள், பெண் என்று எண்ணியவர்களைவிட அதே ஆசிரியருக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். அது சிறிய ஆய்வு. எனினும் 2016-இல் போரிங், ஒட்டோபோனி, ஸ்டார்க் ஆகியோர் பிரான்சின் பெரிய தரவையும் சேர்த்துப் பார்த்தபோது பாலினச் சாய்வு அங்கும் தென்பட்டது. 2017-இல் உட்டல் குழுவினர் முந்தைய ஆய்வுகளை மறுபடியும் தொகுத்துக் கணக்கிட்டு, மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2018-இல் ஜெர்மனியில், வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் கிடைத்த மருத்துவ மாணவர் குழுக்கள், கிடைக்காத குழுக்களைவிட ஆசிரியரையும் பாடப்பொருளையும் உயர்வாக மதிப்பிட்டன. அதே ஆண்டு கனடாவின் டொரொண்டோவில், ரையர்சன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் நடுவர், பணி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பித்தல் பயனை அளக்க இந்தச் சராசரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

படிவம் தயாரிக்கும்போது சில நடைமுறைகளைக் கடைப்பிடியுங்கள். வினாக்கள் தமிழிலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்தவர் படிக்காமலேயே ஒரே நெடுவரிசையில் குறியிட்டுச் செல்வார். அப்படிக் குறியிட்டவர்களைக் கண்டறிய, ஓரிரு வினாக்களை எதிர்மறையாக அமையுங்கள். ‘தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறார்’ என்று இரண்டு கேள்விகளை ஒன்றாக்காதீர்கள். பதிவு எண் கொண்டு உள்நுழையும் மென்பொருளில் ‘உங்கள் பெயர் வெளியாகாது’ என்ற வரியை எந்த மாணவரும் நம்புவதில்லை. பெயரற்ற அச்சுப் படிவத்தை, பாடம் நடத்தாத ஒருவர் முன்னிலையில் நிரப்பச் செய்வது மேல். அகமதிப்பீட்டு மதிப்பெண் வெளியான வாரத்தைத் தவிருங்கள்.

ஆறாம் அல்லது ஏழாம் வாரத்தில் மூன்றே வினாக்களுடன் ஒரு துண்டுச் சீட்டும் வாங்குங்கள்: எது கற்க உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எந்தப் பகுதி இன்னும் புரியவில்லை. இதை ஆசிரியர் மட்டுமே படிக்கட்டும். அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறார், எதை மாற்ற இயலாது என்று அவரே மாணவர்களிடம் சொல்லட்டும். பருவ இறுதியில் வரும் கருத்தால் அந்த மாணவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. இந்தச் சீட்டு அவர்களுக்கே பயன்படும்.

முடிவுகளைத் தொகுக்கும்போது சராசரியைத் தவிர்த்துப் பரவலைக் காட்டுங்கள். எல்லோரும் 3 இட்டாலும் சராசரி 3. பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 இட்டாலும் சராசரி 3. இரண்டாவது வகுப்பில் யாரோ சிலர் முற்றாகக் கைவிடப்பட்டிருக்கிறார்கள்.

ஆறாம் படி: வகுப்பறையில் அமர்ந்து பாருங்கள்

துறைத் தலைவர் கதவோரம் நின்று ஐந்து நிமிடம் கேட்டுச் செல்வது கண்காணிப்பே தவிர மதிப்பீடு ஆகாது. முன்கூட்டியே நாள் சொல்லி, பருவத்திற்கு இரு முறையேனும், முழு வகுப்பும் அமர்ந்திருங்கள். 2013-இல் மிஷெல் ஸ்மித், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் முதலியோர் வெளியிட்ட கோபஸ் என்ற முறை எளிமையானது: ஒவ்வொரு 2 நிமிடத்திற்கும் ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும், நன்று, தீது என்று எழுதக் கூடாது. நம் வகுப்புகளுக்கு ஏற்றாற்போல் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம்: விளக்குகிறார், குறிப்புகளைச் சொல்லி எழுதச் செய்கிறார், பலகையில் கணக்குப் போடுகிறார், வினாக் கேட்கிறார், வரிசைகளுக்கிடையே நடந்து பார்க்கிறார், மாணவர்கள் கேட்கிறார்கள், நகலெடுக்கிறார்கள், தாமே கணக்குப் போடுகிறார்கள், பக்கத்தவருடன் விவாதிக்கிறார்கள்.

50 நிமிடத்தில் மாணவர் தாமே கணக்குப் போட்ட நேரம் 4 நிமிடம் என்று தாளில் வந்து நின்றால், அதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படாது. வினா எழுப்பிய பின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் குறியுங்கள். அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, அது வழக்கமாக ஒரு வினாடி அளவே என்றும், மூன்று வினாடிக்கு நீட்டினால் மாணவரின் விடைகள் நீண்டு, விடை சொல்பவர்களும் பெருகுகிறார்கள் என்றும் கண்டார்.

ஏழாம் படி: அடுத்த பருவத்தைக் கேளுங்கள்

என் கருத்தில் இந்த ஒரு படி மற்றவை அனைத்தையும்விடக் கூடுதல் எடையுடையது. அதற்கான தரவு ஏற்கெனவே அலுவலக அலமாரியில் இருந்தும் ஏறத்தாழ யாரும் எடுப்பதில்லை. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க விமானப்படைக் கழகத்தைப் பற்றியது. அங்கே மாணவர்களை ஆசிரியர்களுக்குத் தற்செயல் முறையில் ஒதுக்குகிறார்கள். முதல் நுண்கணிதப் பாடத்துக்கு அனைவருக்கும் பொதுவான தேர்வு. அதன் தொடர்ச்சியான பாடங்களும் கட்டாயம். அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள், அந்த ஆசிரியர்களுக்கு நல்ல கருத்தும் தந்தார்கள். ஆனால் தொடர்ச்சிப் பாடங்களில், அனுபவம் மிக்க ஆசிரியர்களிடம் படித்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்குத் தயார் செய்வதும் பாடத்தைப் பதியச் செய்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இதை நம் துறையில் செய்ய ஒரு கணினி அட்டவணை போதும். வரிசைக்கு ஒரு மாணவர். பத்திகளில் பதிவு எண், பிளஸ் 2 மதிப்பெண், பிளஸ் 2 பாடப்பிரிவு, முதல் பருவ நிதிக் கணக்கியல் ஆசிரியரின் குறியீடு, பின்னர் எழுதிய நிறுமக் கணக்கியல் புறமதிப்பீட்டு மதிப்பெண். ஆசிரியரின் பெயரை இடாமல் குறியீடு மட்டும் இடுங்கள். நம் பிரிவுகள் தற்செயல் முறையில் அமைவதில்லை. மதிப்பெண் வரிசையிலோ, காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்றோ பிரிகின்றன. அதனால் மாணவர்களைப் பிளஸ் 2 மதிப்பெண் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் இரண்டு ஆசிரியர்களின் மாணவர்களை ஒப்பிடுங்கள். நிறுமக் கணக்கியலை ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்தியிருந்தால் இந்த ஒப்பீடு கலங்கிவிடும். இயன்றால் அந்தப் பாடத்தில் பிரிவுகளைக் கலந்து அமையுங்கள். ஒரே ஆண்டின் தரவை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். மூன்று ஆண்டுகளைச் சேர்த்தால்தான் அடுக்குக்குப் போதிய மாணவர்கள் கிடைப்பார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பேச்சும் தேவை. நிறுமக் கணக்கியல் ஆசிரியரிடம் முதல் இரண்டு வாரங்களில் எதை மறுபடியும் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டியிருந்தது என்று கேளுங்கள். ‘தேய்மானம் எல்லோருக்கும் தெரிகிறது, இறுதிக் கணக்கில் சரிக்கட்டுதல் வந்தால் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்’ என்பது போன்ற விடை, எந்தச் சராசரியையும்விட முதல் பருவ ஆசிரியருக்குப் பயன்படும்.

எட்டாம் படி: ஆசிரியரின் கோப்பு

பாடத் திட்டக் குறிப்பு, அவர் தயாரித்த வினாத்தாள்கள், பெயர் மறைத்த மூன்று திருத்திய விடைத்தாள்கள், சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு எதை ஏன் மாற்றினார் என்று ஒரு பக்கம், இவ்வளவு போதும். கருத்தரங்கச் சான்றிதழ்களை இதில் அடுக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறை, ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தவரை ‘நன்று’ என்றும், 70 முதல் 80-க்குள் எடுத்தவரை ‘திருப்தி’ என்றும் தரம் பிரிக்கிறது. பணி உயர்வுக் கோப்புக்கு அந்தக் கணக்கு தேவைதான். ஆயினும் அது வகுப்புக்குச் சென்றாரா என்பதை மட்டுமே சொல்கிறது.

ஒன்பதாம் படி: சான்றுகளை ஒன்றாக வைத்துப் பேசுங்கள்

ஆதாயத்திற்கு 30, கருத்துக்கு 20, பார்வையிடலுக்கு 20 என எடையிட்டுக் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசை இந்த இடத்தில் எழும். நிர்வாகமும் அதைத்தான் கேட்கும். கொடுக்காதீர்கள். கூட்டியவுடன், சான்றுகள் ஒன்றையொன்று மறுக்கும் இடம் மறைந்துவிடும்; உண்மையில் பேச வேண்டிய இடம் அதுதான். மாணவர் கருத்து உயர்வாகவும் அடுத்த பருவ மதிப்பெண் தாழ்வாகவும் இருந்தால், அவரது வினாத்தாள்களைத் திறந்து, எல்லாமே வகுப்பில் போட்ட கணக்குகள்தானா என்று பாருங்கள். கருத்து தாழ்வாகவும் ஆதாயம் உயர்வாகவும் இருந்தால், ஆசிரியரைக் கண்டிக்கும் முன் ஹார்வர்டில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்வை நினைவில் கொள்ளுங்கள்: தாமே செய்து கற்ற மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், மெருகான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். அப்படிப்பட்ட ஆசிரியர், இந்த முறையை ஏன் கையாள்கிறேன் என்று முதல் வாரத்திலேயே மாணவர்களுக்கு விளக்கினால் பாதிச் சிக்கல் தீரும். எல்லாச் சான்றுகளும் ஒரே திசையில் தாழ்வாக இருந்தால் மட்டுமே அது ஆசிரியரைப் பற்றிய செய்தி. அப்போதும் அவருக்கு எத்தனை தாள்கள் ஒதுக்கப்பட்டன, அவற்றுள் முதன்முறை நடத்தியவை எத்தனை என்று பார்த்த பின்பே முடிவுக்கு வர வேண்டும்.

ஆசிரியரோடு நடக்கும் உரையாடல் 40 நிமிடமேனும் நீடிக்கட்டும். முதலில் அவர் பேசட்டும். அடுத்த பருவத்தில் அவர் மாற்றப்போகும் ஒன்றிரண்டை மட்டும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆசிரியர் உடன்படாத இடங்களில் அவரது மறுமொழியையும் அதே தாளில் சேர்த்து வையுங்கள். பணி உயர்வு அல்லது ஒப்பந்த நீட்டிப்புக்கான முடிவுக்கு நான்கு பருவங்களின் தாள்களையேனும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் பருவத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.